கையால் தைக்கும் சேலைப் போர்வை: நூல் முடிச்சு போடுவதும் உள்ளே மறைப்பதும் – முழுமையான வழிகாட்டி

போன மீன்பிடித் தடைக்காலத்தில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண், தான் தைத்த பிள்ளைப் போர்வையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். தையல் அரிசி அரிசியாக, நேராக ஓடியிருந்தது. ஆனால் இரண்டாவது துவைப்பிலேயே ஆறேழு வரிசைகள் அவிழ்ந்து, நூல் வளையம் வளையமாக வெளியே தொங்கியது. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையும் தொடங்கிய இடத்தில் மிளகு மாதிரி ஒரு முடிச்சு. முடிந்த இடத்தில் முடிச்சே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு தரம் குத்தி, ஒட்ட நறுக்கியிருந்தாள்.

இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. தளர்ந்து தொங்கும் நூல் கைக்குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். பிள்ளைப் போர்வை தைக்கிறவர்களிடம் முடிச்சையும் வாலையும் (முடிச்சைத் தாண்டி மிச்சம் நிற்கும் நூல் நுனி) பற்றி நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கீழே உள்ள வரிசையில்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். படிகளை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தந்த இடத்தில் எழுதியிருக்கிறேன். அவசரமாக 5ஆம் பகுதிக்குப் போய்விடாதீர்கள். முடிச்சு உள்ளே போகவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தவறு துணியிலோ நூலிலோதான் இருக்கிறது, கையில் இல்லை.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஊசி: நீளமான ஊசி வேண்டாம். குட்டையான, காது சின்னதான ஊசி வேண்டும். கடையில் ‘பிட்வீன்ஸ்’ என்று கேட்டால் கிடைக்கும். எண் கூடக் கூட ஊசி சிறியதாகும். பழகுகிறவர்களுக்கு 8 அல்லது 9, கை பழகியவர்களுக்கு 10. ஊசி தடித்தால் துணியில் ஓட்டை பெரிதாகும், அந்த ஓட்டை வழியாகவே முடிச்சு திரும்பி வெளியே வந்துவிடும்.

நூல்: பருத்தி நூல். போர்வை தைக்கும் 40ஆம் எண் நூல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எம்பிராய்டரி நூலின் ஆறு பிரியில் இரண்டு பிரியைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் வலை பொத்தும் நைலான் நூல் எல்லா வீட்டிலும் இருக்கும். ‘இது அறவே அறாது’ என்று அதை எடுத்துவருகிறவர்கள் உண்டு. அறாது என்பதுதான் சிக்கல். பழைய பருத்தித் துணியை விட நூல் வலுவாக இருந்தால், இழுக்கும்போது துணிதான் கிழியும். போதாததற்கு வழுவழுப்பு, சின்ன முடிச்சு அதில் நிற்காது.

இவை தவிர ஒரு துண்டு தேன்மெழுகு, விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான், முனை கூரான சின்னக் கத்தரிக்கோல். எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருக்கிறேன். ஊசியை மட்டும் அதில் போடுவதில்லை.

உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். பாம்பன், மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் ஒரு வாரம் திறந்து வைத்தாலே மேலே கறுப்புப் புள்ளி விழுந்துவிடுகிறது. மெழுகு தேய்த்த துணித் துண்டில் குத்தி, மூடி இறுகிய சின்னப் பாட்டிலில் போட்டு வையுங்கள். தைக்கும் முன் ஊசியை நகத்தின் மேல் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அந்த ஊசி வேண்டாம். துருப்பிடித்த காது நூலை உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வரும், துணியிலும் கறை விழும்.

2. துணியிலிருந்து உப்பை எடுங்கள்

வேறு ஊர்க்காரர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். எங்களுக்குக் கட்டாயம்.

உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வந்த சேலை விறைப்பாக இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துணி பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட துணியில் இழைகள் விலகிக் கொடுக்காது. முடிச்சு மேலேயே நின்றுகொள்ளும், பலமாக இழுத்தால் நூல் அறும்.

அதனால் வெட்டும் முன்பே சேலையை நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அலசிக் காயப்போடுங்கள். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை இதற்கு ஒதுக்குங்கள். கஞ்சி போட்ட சேலை என்றால் கஞ்சியும் இதிலேயே போய்விடும்.

மேலடுக்குக்கு நன்றாகக் கட்டி மெத்தென்று ஆன பருத்திச் சேலைதான் சரி. பரமக்குடிப் பருத்திச் சேலை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு, பத்து வருஷம் கட்டியது ஊசிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். நடு அடுக்கில் பாலியஸ்டர் வைக்காதீர்கள். முடிச்சுக்குப் பிடி கொடுக்க வேண்டிய அடுக்கு அது, வழுக்குகிற துணி பிடிக்காது.

அடுக்குகளை விரித்து, பிறகு பிரித்துவிடும் பெரிய தையலை நான்கு விரல் இடைவெளியில் போட்டு நிறுத்திய பிறகே முடிச்சு வேலைக்கு வாருங்கள். அடுக்குகள் நகர்ந்துகொண்டிருந்தால், மறைத்த முடிச்சும் அவற்றோடு நகரும்.

3. நூல்: ஒரு முழம், அதற்கு மேல் வேண்டாம்

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஏறக்குறைய 18 அங்குலம். அந்த அளவுதான் நூல். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு மூன்று முழம் எடுப்பார்கள். ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுதும் துணிக்குள் போய் வர வேண்டும். நீள நூல் அத்தனை தரம் உரசி, கடைசி முழம் வரும்போது பஞ்சாகி நிற்கும். கடைசி முடிச்சு விழுவது அந்த நைந்த இடத்தில்தான்.

கண்டிலிருந்து வரும் நுனியை ஊசியில் கோர்த்துவிட்டு, பிறகு ஒரு முழம் அளந்து வெட்டுங்கள். வெட்டிய நுனியில் முடிச்சு. நூலுக்கு முறுக்கு ஒரு பக்கமாக இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் மேலும் கீழும் உருவிப் பாருங்கள், ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் கொஞ்சம் முரடாகவும் தெரியும். துணி வழவழப்பான திசையில் உரச வேண்டும்.

நுனியை எச்சில் தொட்டுக் கோர்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பருத்தி நூல் ஈரத்தில் உப்பும், சின்னக் காதில் நுழையாது. சாய்வாக வெட்டி, நுனியை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். முழு நூலையும் மெழுகில் ஒரு தரம் உருவி எடுப்பது இன்னும் நல்லது. வியர்வைக் கையில் நூல் சிக்காது, முடிச்சும் இறுகி நிற்கும்.

4. முதல் முடிச்சு

விரலில் சுற்றி உருட்டிப் போடும் முடிச்சு வேண்டாம். அது ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் அளவில் வரும். ஊசியில் சுற்றிப் போடும் முடிச்சு எப்போதும் ஒரே அளவு.

வலது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஊசியைப் பிடியுங்கள், முனை மேலே பார்க்கட்டும். நூலின் வெட்டிய நுனியை ஊசியின் மேல் படுக்கவைத்து, அரை அங்குலம் விரலுக்குள் இருக்கும்படி அழுத்திக்கொள்ளுங்கள்.

இடது கையால் நூலை ஊசி முனைப் பக்கம் மூன்று சுற்று சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏறினால் முடிச்சு உருண்டையாக இறுகாமல் கோணிக்கொள்ளும்.

சுற்றுகளைக் கீழே தள்ளி வலது விரல்களுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது விரலைத் தளர்த்தாமல், இடது கையால் ஊசியை மேல்நோக்கி இழுங்கள். நூல் முழுதும் விரலுக்குள் ஓடி முடியும்வரை அழுத்தம் குறையக் கூடாது. பாதியில் விட்டால் சுற்றுகள் பிரிந்து, நடு நூலில் ஒரு சிக்கு விழும். முதல் நாள் எல்லோரும் இங்கேதான் விரலை விடுகிறார்கள். பயம் வேண்டாம், நூல் விரலை அறுக்காது.

அளவை நான் அஞ்சறைப் பெட்டியை வைத்துத்தான் சொல்வேன். இரண்டு சுற்று என்றால் கசகசா அளவு. நெசவு நெருக்கமான புதுத் துணிக்கு அது போதும். மூன்று சுற்று என்றால் கடுகை விடச் சற்றுச் சிறியதாக வரும். நைந்து இழை தளர்ந்த பழைய சேலைக்கு இதுதான். மிளகு அளவுக்கு வந்தால் அது உள்ளே போகாது, போனாலும் துணியைக் கிழித்துக்கொண்டுதான் போகும்.

முடிச்சுக்கு அடியில் தொங்கும் வாலைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் இரண்டு துவைப்பில் முடிச்சு கழன்றுவிடும்.

5. முடிச்சை உள்ளே இழுப்பது

பஞ்சு விரிப்பு வைத்த போர்வைக்கு முதலில் சொல்கிறேன். பஞ்சு இல்லாததற்கு அடுத்த பகுதி.

தையல் தொடங்க வேண்டிய புள்ளியிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, கட்டை விரலின் மேல் கணு அளவு, ஊசியை மேல்துணியில் குத்துங்கள். தையல் ஓடப்போகும் கோட்டின் மேலேயே குத்தினால் நல்லது. பின்னால் அந்த ஓட்டையைத் தையலே மூடிவிடும்.

ஊசி பின்துணிக்குப் போகக் கூடாது. மேல்துணிக்குக் கீழே பஞ்சுக்குள் படுத்தபடியே போய், தொடக்கப் புள்ளியில் தலைநீட்ட வேண்டும். இடது கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். முனை விரலில் பட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

நூலை மெல்ல இழுங்கள். முடிச்சு துணியின் மேல் வந்து உட்காரும். இங்கே நிறுத்துங்கள். ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோகப் பார்த்தால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

முடிச்சு நுழைந்த இடத்துக்கும் நூல் வெளியே வந்த இடத்துக்கும் நடுவில் இடது ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். படகு கரையேறும் வேகத்தைத் தடுத்துப் பிடிக்கிற மாதிரிதான், விரல் இல்லாவிட்டால் முடிச்சு மறுபக்கம் போய்த்தான் நிற்கும்.

இப்போது நூலைத் துணியின் மேல் படுத்தவாக்கில் பிடித்து, சின்னதாக ஒரு சுண்டு சுண்டி இழுங்கள். ‘டப்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் விரலுக்கடியில் தெரியும். முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சில் சிக்கிக்கொண்டது. நூலை நெட்டுக்கு மேலே தூக்கி இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் விசை முழுதும் தொடக்கப் புள்ளியின் ஓட்டையில் விழுந்து, அந்த ஓட்டைதான் விரியும்.

ஒரு நாள் ஒரு சின்னப் பெண், ‘அக்கா, உள்ள போயிருச்சு! ஆனா வெளியேயும் வந்துருச்சு!’ என்று நூலைத் தூக்கிக் காட்டினாள். முடிச்சு அவள் கையில் ஆடியது. விரலை வைக்கவில்லை, மேல்நோக்கி இழுத்தாள், இரண்டும் சேர்ந்துகொண்டது. விரலை வைத்து நாலு தரம் செய்தாள். நாலாவது தரம் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முடிச்சு மேலேயே நின்று அடம்பிடித்தால் இன்னும் பலமாக இழுக்க வேண்டாம். ஊசி முனையால் முடிச்சுக்குப் பக்கத்தில் நெடுக்கே ஓடும் ஒரு பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஒரு ஊடை இழையையும் லேசாக விலக்கிவிட்டு மறுபடி இழுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் முடிச்சு பெரிது. வெட்டிவிட்டு ஒரு சுற்றுக் குறைத்துப் போடுங்கள்.

உள்ளே போனதும் அந்த ஓட்டையின் மேல் நகத்தால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு தரம் தேயுங்கள். விலகிய இழைகள் கூடி, ஓட்டை மறைந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் வெள்ளைத் துணியில் ஊசி குத்திய இடம் புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

முதல் தையலை ஒரு சின்னப் பின் தையலாக (நூல் வந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் குத்தி, முன்னால் எடுப்பது) போட்டுவிட்டு, மேலும் கீழுமாக நேரே ஓடும் ஓட்டுத் தையலைத் தொடருங்கள். பின் தையல் இருந்தால் இழுவிசை முடிச்சுக்குப் போகும் முன்பே பாதி குறைந்துவிடும்.

6. பஞ்சே இல்லாத சேலைப் போர்வையில்

எங்கள் பக்க வெயிலுக்குப் பஞ்சு வைத்த போர்வை யாருக்கும் வேண்டாம். மேலே சேலை, நடுவில் இரண்டு வேட்டி, கீழே சேலை, அவ்வளவுதான் போர்வை. முடிச்சை மறைப்பது பற்றிப் படித்துவிட்டு அப்படியே இதில் செய்துபார்க்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். பஞ்சில் முடிச்சு சிக்கும். இரண்டு துணிக்கு நடுவில் சிக்க எதுவும் இல்லை. முடிச்சு உள்ளே போகும், போன வேகத்தில் வழுக்கிக்கொண்டு தொடக்கப் புள்ளிக்கே வந்துவிடும்.

நான் செய்வது இது. ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில் குத்தி, ஊசியை முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் நடுவில் விடுங்கள். பாதி வழியில் இரண்டாம் அடுக்கிலிருந்து, அந்த வேட்டித் துணியிலிருந்து, ஒரு அரிசி அளவுக்கு மட்டும் கொத்தி எடுங்கள். பிறகு தொடக்கப் புள்ளியில் வெளியே வாருங்கள்.

இப்போது முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே வந்து, வேட்டியில் கொத்திய இடத்தில் முட்டி நிற்கும். விரல் அழுத்தத்தோடு மெல்ல இழுத்தால் இரண்டாவது துணியைத் தாண்டாது. முடிச்சுக்கும் மூன்று சுற்று வேண்டும், இரண்டு போதாது.

கொத்தும்போது ஆழமாகப் போய் நான்காவது அடுக்கையும் பிடித்துவிட்டால் பின்பக்கம் ஒரு புள்ளித் தையல் தெரியும். தைத்தபடியே அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். பத்து வரிசை முடித்துவிட்டுப் பார்த்தால் பிரிக்க மனசு வராது.

ஊசியை மெல்லிய இடைவெளியில் விடுவதற்குக் கைக்கு ஒரு வழி உண்டு. மேல்துணியை மட்டும் இடது கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கி, லேசாகக் கசக்குங்கள். மேல்துணி தனியே விரலில் வரும்போது ஊசியை விடுங்கள்.

7. வரிசை முடியும்போது

6 அங்குல நூல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் நாலு தையல் வரும்’ என்று இழுத்துக்கொண்டே போனால் முடிச்சுப் போட நூல் இருக்காது. திண்ணைக்கு வந்த பெண்ணின் போர்வையில் நடந்ததும் இதுதான்.

கடைசித் தையல் முடிந்து நூல் மேல்பக்கம் நிற்கிறது. ஊசியைத் துணிக்கு ஒட்டிப் பிடித்து, நூலை அதில் இரண்டு சுற்று சுற்றி, சுற்றுகளை நகத்தால் துணிப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊசியை இழுங்கள்.

முடிச்சு இறுகும் இடம்தான் இதில் முக்கியம். துணியிலிருந்து சரியாக ஒரு தையல் தூரத்தில், ஒரு அரிசி தூரத்தில் இறுக வேண்டும். ஏன் என்றால், அடுத்து ஊசி உள்ளே போகப்போவது அதே ஒரு தையல் தள்ளித்தான். முடிச்சு துணிக்கு ஒட்டி இறுகினால் உள்ளே போகாது, துணி சுருங்கும். ரொம்பத் தள்ளி இறுகினால் முடிச்சு ஆழத்துக்குப் போய்விடும். அப்புறம் துவைக்கும்போது கடைசித் தையல் அந்தத் தொலைவு வரைக்கும் தளர்ந்துகொண்டே வரும்.

தூரம் தவறிவிட்டால், இறுகும் முன் ஊசி முனையை வளையத்துக்குள் விட்டு முடிச்சைத் துணிப் பக்கம் நகர்த்தலாம். இறுகிய பிறகு முடியாது. அதனால் கடைசி இழுப்பை மெதுவாக இழுங்கள்.

இனி ஒரு தையல் தள்ளி ஊசியைக் குத்தி, பஞ்சுக்குள் அல்லது அடுக்குகளுக்கு நடுவில், ஒரு அங்குலம் ஓட்டி வெளியே எடுங்கள். பஞ்சு இல்லை என்றால் இங்கேயும் வேட்டியில் ஒரு கொத்து. நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு உள்ளே போகும், மேலே ஒரு சாதாரணத் தையல் மட்டும் தெரியும். எங்கே முடித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியக் கூடாது.

8. வாலை வெட்டுவது

வெளியே நிற்கும் நூலை லேசாக இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோலைத் துணிக்குப் படுக்கையாக, முனை சற்று மேல்நோக்கி இருக்கும்படி வைத்து வெட்டுங்கள். விட்டதும் நுனி தானே உள்ளே போய்விடும்.

முனையைக் கீழ்நோக்கி வைத்து வெட்டி, முடிக்கப்போகும் போர்வையின் மேல்துணியை நானே ஒரு முறை நறுக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒட்டுத்துணி வைக்க வேண்டியதாயிற்று. இரவில், குறைந்த வெளிச்சத்தில் வாலை வெட்டாதீர்கள். அப்படியே விட்டுவைத்து காலையில் வெட்டலாம்.

வால் போகும் திசையையும் யோசியுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்பு நூலோ அரக்கு நூலோ ஓடினால் நிழலாகத் தெரியும். பக்கத்தில் அடர் நிறத் துண்டு இருந்தால் ஊசியை அதற்கு அடியில் திருப்புங்கள். இல்லையென்றால் இரண்டு துண்டுகள் சேரும் இணைப்புக் கோட்டின் வழியாக ஓட்டுங்கள், அங்கே துணி இரட்டிப்பாக இருப்பதால் நிழல் தெரியாது.

9. நூல் போதாமல் போனால்

எவ்வளவு சொன்னாலும் ஒரு தரம் நடக்கும். இரண்டு அங்குலம்தான் மிச்சம், ஊசியைச் சுற்றவே நூல் இல்லை.

நாலைந்து தையலை ஊசியின் காதுப் பக்கத்தால் பின்னோக்கிப் பிரித்து, நூலை நீட்டிக்கொள்வது நல்ல வழி. முனையால் பிரித்தால் நூலின் பிரியில் குத்திவிடும்.

பிரிக்க மனமில்லை என்றால், நூலை ஊசியிலிருந்து கழற்றுங்கள். கையாலேயே ஒரு சின்ன முடிச்சைத் துணிக்கு ஒரு அரிசி தூரத்தில் போடுங்கள். வெறும் ஊசியை நூல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் குத்தி, அடுக்குக்குள் ஓட்டி, காது மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். இப்போது நுனியைக் காதில் கோர்த்து ஊசியை மறுமுனையில் உருவுங்கள். ஒரு அங்குல வாலைக்கூட இப்படி உள்ளே கொண்டுபோய்விடலாம்.

தைக்கும்போது நூல் முறுக்கேறிச் சுருண்டால், போர்வையைத் தூக்கி ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானே சுற்றிச் சுற்றி நிற்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள், பாதிச் சிக்கு அதிலேயே குறையும்.

10. முடிச்சே வேண்டாம் என்றால்

நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும் கோட்டுக்கு முதல் முடிச்சு தேவையில்லை. நூலை இரண்டு முழமாக வெட்டி, கோட்டின் நடுவில் முதல் தையலைப் போட்டு, பாதி நூலை வெளியே விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் தைத்து முடித்து, விட்ட பாதியை ஊசியில் கோர்த்து மறுபக்கம் தையுங்கள். முடிச்சு இரண்டு முனையில் மட்டும் வரும். தைக்கும்போது ஒவ்வொரு பாதியும் ஒரு முழம்தான் என்பதால் நூல் நையாது.

11. தையலுக்குப் பதில் கட்டுப் போடும் போர்வை

நெருக்கமாகத் தைக்க நேரமில்லாதவர்கள், நான்கு ஐந்து அங்குலத்துக்கு ஒரு இடத்தில் தடித்த பருத்தி நூலைக் குத்தி எடுத்து மேலேயே கட்டிவிடுவார்கள். இங்கே முடிச்சு மறைவதில்லை, அதனால் அவிழாமல் இருப்பதுதான் கவலை.

முதலில் வலது நுனி இடதுக்கு மேல், பிறகு இடது நுனி வலதுக்கு மேல். இரண்டு தரமும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு வழுக்கி அவிழும். சரியாக விழுந்ததா என்று பார்க்க, நுனிகள் நூலோடு ஒரே வரிசையில் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே விறைத்து நின்றால் தவறு. படகுக்காரர் வீட்டில் யாரிடமாவது காட்டினால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

நுனியை முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். கைக்குழந்தைப் போர்வைக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். பிள்ளை நுனியை வாயில் வைத்து இழுக்கும்.

12. கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

போர்வையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய முடிச்சு கையில் தட்டும். தட்டிய இடத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளலாம், அல்லது பிரித்துப் போடலாம்.

அப்புறம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். சரியாகச் சிக்காத முடிச்சு இந்த முதல் துவைப்பிலேயே தலைகாட்டிவிடும். எந்த வரிசையில் வந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அந்த வரிசையை மட்டும் இரண்டு பக்கமும் பிரித்து 4ஆம் பகுதியிலிருந்து திரும்பப் போடுங்கள். திண்ணைக்கு வந்த பெண்ணின் போர்வையில் அப்படிப் பிரித்துப் போட்டது பதினோரு வரிசை. இரண்டு மதியம் ஆயிற்று, ஒன்பது வரிசையை அவளே போட்டாள்.